தேரிக்காட்டுச் செம்மணல்: கடல் விட்டுப் போனதா, காற்று கொண்டுவந்ததா?

புவியியல்_டீச்சர்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் காற்றின் அரிப்பும் படிவும் நடத்தப் போகிறேன். எல்லா வழிகாட்டியிலும் சஹாரா, தார், காளான் பாறை என்று அதே படங்கள்தான். பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு இருக்கும்போது எதற்கு சஹாரா என்று குதிரைமொழித் தேரியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல் மேடு, நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி). அங்கே கேட்டால், “இது பூராவும் ஒரு காலத்தில் கடல், தண்ணி உள்வாங்கினதும் மணல் நின்னுபோச்சு” என்கிறார்கள். வேறு சிலர் காற்றுதான் குவித்தது என்கிறார்கள். எது சரி? பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஆதாரம் உண்டா?

கடலோடி

ஊர்க்காரர்கள் சொன்னதுதான் சரி டீச்சர். எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் சிப்பி வருகிறது. திருச்செந்தூர் வள்ளி குகையைப் பாருங்கள், மணற்பாறையில் குடைந்தது. கடல் இல்லாமல் இவ்வளவு மணல் எங்கிருந்து வரும்? காற்று தெருப்புழுதியைக் கிளப்பும், ஒத்துக்கொள்கிறேன். மைல் கணக்கில் மேடு கட்டும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஓய்வு_நிலவியல்

கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி தம்பி சொல்கிற சிப்பி பொய்யில்லை. ஆனால் அது எந்த அடுக்கில் வருகிறது? கரையோரத்தில் சுண்ணாம்பு சேர்ந்து இறுகிய மணற்பாறை இருக்கிறது. சிப்பித் துண்டு அதில்தான். தேரியின் சிவப்பு மணலை ஒரு வாளி அள்ளிச் சல்லடையில் போடுங்கள். கூழாங்கல் வராது, பரல்கூட வராது. கிட்டத்தட்ட ஒரே அளவு மணிகள். வெள்ளமும் அலையும் கல்லையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும். காற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கும்.

தூக்குவதிலும் மூன்று விதம். களிமண், வண்டல் போன்ற நைசான துகள் மேலே ஏறினால் இறங்குவதே இல்லை, தூசியாகப் பல நூறு கிலோமீட்டர் போய்விடும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணல் எழும்பும், விழும், விழுந்த இடத்தில் இன்னொரு மணியைத் தெறிக்கவிடும். இப்படித் துள்ளித் துள்ளித்தான் மணலில் பெரும்பங்கு நகர்கிறது. அதைவிடப் பெரிய மணி துள்ளாது, மற்றவை வந்து மோதும்போது தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஆக, காற்று செய்வது சுளகில் புடைக்கிற வேலை. தூசி பறந்துவிடும், கல் பின்தங்கிவிடும், நடுவில் உள்ளது ஒரு பக்கமாக ஒதுங்கும். மேற்கே நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பொட்டல்களில் சரளை கிடக்கிறது, கிழக்கே தேரியில் மணல் கிடக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

இன்னொரு சங்கதி, பலருக்குத் தெரியாதது. லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்த பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் ஊருக்குத் திரும்பி, காற்றுச் சுரங்கம் கட்டி மணலை ஊதிப் பார்த்தார். 1941-ல் அதை நூலாக எழுதினார். கெட்டித் தரையில் விழுகிற மணி உயரமாகத் துள்ளுகிறது. உதிரி மணலில் விழுந்தால் வேகம் அடங்கிவிடுகிறது. அதனால் மணல் ஏற்கெனவே கிடக்கிற இடத்திலேதான் மேலும் மணல் சேரும். பரவலாகத் தூவப்படாமல் மேடாகக் குவிவதற்கு இதுவே பெரிய காரணம். கடலோடி கேட்ட ‘மேடு எப்படிக் கட்டும்’ என்பதற்கும் இதுதான் பதில்.

மேல்காற்று

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். சார் சொன்னதற்குச் சாட்சி சொல்ல வருகிறேன். ஆனி, ஆடியில் எங்கள் ஊருக்கு வந்து ஒரு மத்தியானம் நின்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்று நேராக எங்கள் தலைக்குத்தான் வருகிறது. மேற்கே நாகர்கோவிலில் சாரல், இங்கே சொட்டு மழை கிடையாது, வெறும் காய்ச்சல் காற்று. தேரியில் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி மணல் அடிக்கும், மேலே முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஒரே தேரிக்குள் வேர் வெளியே தெரிகிற பனையும் உண்டு, பாதி உடம்பு புதைந்த பனையும் உண்டு. ஒன்றின் காலடியில் எடுத்ததை இன்னொன்றின் காலடியில் போட்டிருக்கிறது. டீச்சர், பிள்ளைகளுக்குக் காட்ட அந்த இரண்டு பனையே போதும்.

ஓய்வு_நிலவியல்

அருமை தம்பி. முழங்காலுக்குக் கீழே என்பது கச்சிதமான கவனிப்பு. துள்ளும் மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டி ஒரு முழத்துக்குள்தான் போகும்.

கடலோடி

சரி, காற்று என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் காற்று மேற்கேயிருந்து மட்டுமா அடிக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வருகிறது. கடற்கரை மணலை அது உள்ளே கொண்டுவந்து போட்டிருக்கலாமே. அப்போதும் கடல் மணல்தானே? போதாததற்கு, பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்ததென்று படித்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதி வெட்டவெளியாகக் கிடந்திருக்குமே.

ஓய்வு_நிலவியல்

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

மணல் நகர இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும்: பலமான காற்று, காய்ந்த மணல். உலர்ந்த மணல் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் காற்றிலேயே கிளம்பத் தொடங்கும். ஈரம் பட்டால் மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதே காற்று அசைக்க முடியாமல் போகும். தூத்துக்குடிக் கரையில் வாடைக்காற்று மழையோடு வருகிறது. மேல்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறுங்கையாக வருகிறது, அதுவும் பல மாத வெயிலில் காய்ந்த நிலத்துக்கு. கணவாயில் நெருங்கிப் புகுவதால் வேகமும் கூடுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது நகர்த்தும் மணல் சுமார் எட்டு மடங்கு ஆகும். எந்தப் பருவக்காற்று தேரியைக் கட்டியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடல் தாழ்ந்திருந்த விஷயம் உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், இன்றைய தேரிகள் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்திருக்கும். உங்கள் வாதத்தில் பாதி கரையோர மேடுகளுக்குப் பொருந்தும். கடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று கிடக்கிற மணல் மேடுகள் கடற்கரை மணலை வாரி எழுந்தவைதான். சிவப்புத் தேரிக்கு அது போதாது. அதன் மூலதனம் மேற்கே: செம்மண் பொட்டல்களும், மழைக்காலத்தில் மணலைக் கொண்டுவந்து விரித்துவிட்டு ஆனி, ஆடியில் வறண்டு கிடக்கிற கருமேனியாறு, நம்பியாறு போன்ற ஆறுகளும். ஆறு இறக்கி வைக்கும், காற்று தரம் பிரித்து எடுத்துப்போகும். மணல் மேட்டைப் பார்த்ததும் காற்றை மட்டும் கேட்கக் கூடாது, அந்தக் காற்றுக்குச் சரக்கு கொடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

காவிரிக்கரையாள்

இதைப் படித்ததும் தலக்காடு நினைவுக்கு வந்தது. மைசூர் மாவட்டம், காவிரி வளைந்து திரும்புகிற இடம். ராஜராஜன் காலத்தில் சோழர் கைக்குப் போய் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற ஊர், பிறகு ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் மீட்டுக் கீர்த்திநாராயணர் கோயில் எழுப்பினான். இன்று போனால் மணல் மேட்டுக்கு இடையே பள்ளம் பறித்து, படி இறங்கித்தான் பாதாளேஸ்வரரைப் பார்க்க வேண்டும். அலமேலம்மா என்ற ராணி ‘தலக்காடு மணலாகட்டும்’ என்று சாபமிட்டதாகக் கதை. கதை இருக்கட்டும். கோடையில் நீர் வற்றியதும் ஆற்றுப் படுகை மணல் வெளியே கிடக்கிறது, தென்மேற்குக் காற்று அதைக் கரை ஏற்றுகிறது. சார் சொன்ன ‘ஆறு இறக்கும், காற்று எடுத்துப்போகும்’ அங்கேயும் அப்படியே. மேலே அணை கட்டி நீரைத் திருப்பியதும் படுகை காய ஒரு காரணம் என்கிறார்கள்.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன் அண்ணை. எங்கட வடமராட்சி கிழக்கில் மணல்காடு என்றே ஒரு ஊர் இருக்கு. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலுக்குள் பாதி தாண்டு நிற்கின்றன. எங்கட மணல் வெள்ளை, ஒரு துளி சிவப்பும் இல்லை. நடுவில் கடல் மட்டும்தான், அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு சிவப்பு?

ஓய்வு_நிலவியல்

தம்பி, தேரி மணலின் உள்ளே இருப்பதும் வெள்ளைப் படிகக்கல் மணிதான். சிவப்பு வெறும் மேற்பூச்சு, இரும்பு ஆக்சைடு. டீச்சர், இதை வகுப்பிலேயே செய்யலாம்: தேரி மணலைக் கொஞ்சம் சோதனைக்குழாயில் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு இளஞ்சூட்டில் வையுங்கள் (நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்). அமிலம் மஞ்சளாகும், மணல் வெளுக்கும். காந்தத்தைத் தாளில் சுற்றி உலர்ந்த மணலுக்குள் விட்டால் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வகை இரும்புக் கனிமங்களும் கார்னெட்டும் ஈரம், வெயில், ஈரம், வெயில் என்று மாறி மாறிப் பட்டுச் சிதைந்து மற்ற மணிகளுக்கும் நிறம் ஏற்றுகின்றன. அதற்கு மணல் ஓரிடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும், காலமும் வேண்டும்.

ஒளிர்வுக் காலக்கணிப்பு என்று ஒரு முறை இருக்கிறது. மணி கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அது சொல்லும். உட்பகுதித் தேரிகளுக்கு அது காட்டுவது சுமார் 15,000 முதல் 11,000 ஆண்டுகள். கரையோரத்தவை அதைவிட மிகவும் இளையவை. வெள்ளையாக இருக்கும் மேட்டுக்கு இன்னும் வயது போதவில்லை, சிவக்க வைக்கும் கனிமமும் குறைவாக இருக்கலாம்.

தொல்லியல்_பித்தன்

தேரி என்றதும் ஓடி வந்தேன். பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தத் தேரிகளையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிறகு 1956-ல் ஸாய்னர், ஆல்ச்சின் இருவரும் இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். படிகக்கல்லிலும் செர்ட் கல்லிலும் செதுக்கிய நகத்தளவு கருவிகள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் வட்டாரத் தேரிகளில் கிடைத்தவை.

அந்தக் கருவிகள் பெரும்பாலும் மணலின் மேலேயே கிடக்கும். காரணம் காற்றுதான். மணலை வாரிக்கொண்டு போய்விட்டு, தூக்க முடியாத கல்லை அப்படியே விட்டுவிடுகிறது. மேல் அடுக்கில் இருந்ததும் கீழ் அடுக்கில் இருந்ததும் ஒரே தரையில் வந்து இறங்கிவிடும். ஆயிரம் வருட இடைவெளியில் இரண்டு பேர் போட்ட கல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் நமக்கு எப்படித் தெரியும்? தேரியில் அகழாய்வு செய்வோருக்கு இது பெரிய தலைவலி. டீச்சர், பிள்ளைகள் கல் எதையாவது கண்டால் படம் எடுக்கட்டும், பையில் போட வேண்டாம்.

புவியியல்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. படிவு புரிந்துவிட்டது. அரிப்புக்கு இந்தப் பக்கத்தில் உதாரணம் உண்டா? காளான் பாறை மாதிரி?

ஓய்வு_நிலவியல்

தேரிக்குள் பாறையே இல்லை, அதனால் காளானும் இல்லை. பனை வேர் வெளியே தெரிகிறதே, அது அரிப்பில் ஒரு வகை: உதிரியை வாரிப்போவது. இன்னொரு வகை, பறக்கும் மணலைக் கொண்டு பாறையைத் தேய்ப்பது. அதன் பெரிய வேலைகளைப் பார்க்க ஈரானின் லூத் பாலைவனத்துக்குப் போக வேண்டும், காற்று போகும் திசையிலேயே பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிவரியாகச் செதுக்கிய முகடுகள் அங்கே உண்டு.

காளான் பாறையைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகின்றன என்பது என் அபிப்பிராயம். அடியில் மட்டும் தேய்வதற்குத் துள்ளும் மணல் ஒரு காரணம், சரி. ஆனால் தரையை ஒட்டி ஈரமும் உப்பும் ஏறிப் பாறையை உதிர்ப்பதும் சேர்ந்துதான் அந்தக் கழுத்து மெலிகிறது. திருச்செந்தூர்க் கோயிலில் முன்பு மணற்கல் தூண்கள் இருந்தன. கடல்காற்றில் அரித்துப்போய், பிற்காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். அங்கேயும் காற்று கொண்டுவந்த உப்பு கல்லின் துளைக்குள் புகுந்து, காய்ந்து படிகமாகி, உள்ளிருந்தே பொடித்ததுதான் முக்கியம். மணல் தேய்த்தது அதற்கு அடுத்தபடி.

கடலோடி

திருச்செந்தூரில் கடைசியில் கடலுக்கும் ஒரு பங்கு கொடுத்தீர்களே, அதுவரை சந்தோஷம் சார். 🙂

எனக்கு ஒரு சந்தேகம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து முப்பந்தலில் இத்தனை காற்றாலை நின்று காற்றைப் பிடித்துக்கொள்கிறதே, தேரிக்கு வரும் காற்று குறைந்திருக்குமா?

காற்றாலை_குமார்

அந்தப் பக்கம் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இறக்கைக்குப் பின்னால் காற்று தளர்வது உண்மை. ஆனால் சுற்றிலும் மேலேயும் ஓடுகிற காற்று கலந்து, சில கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். தேரியைப் பொறுத்தவரை தரை மட்டத்துக் காற்றுதான் கணக்கு, அதைத் தடுப்பது மரமும் புதரும். உடையையும் கொல்லாவையும் வெட்டினால் ஒரு ஆடியிலேயே வித்தியாசம் தெரியும்.

மேல்காற்று

குமார் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. இப்போது தேரியில் பெரும்பகுதி அசையாமல் கிடப்பதற்குப் பனையும், வனத்துறை வளர்த்த மரங்களும்தான் காரணம். எங்கெல்லாம் மணலை அள்ளிப் பச்சையைக் கிளறிவிட்டார்களோ அங்கெல்லாம் மேடு மறுபடி நடக்க ஆரம்பிக்கிறது. அதோடு தண்ணீரும் போச்சு. தேரியில் விழுகிற மழை ஓடாது, குடித்துவிடும். மேலே சுட்டாலும் கொஞ்சம் தோண்டினால் ஈரம் இருக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தால் இந்தக் காட்டில் இவ்வளவு தண்ணியா என்று இருக்கும். மணலுக்குள் இறங்கிய மழைதான் அடிவாரத்தில் ஊற்றாக வருகிறது.

கொல்லாந்தோப்பு

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு சின்னப் பிரச்சினை. தேரி ஓரத்தில் முருங்கை போட்டிருக்கிறேன். மேற்கு எல்லையில் ஆளுயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர் வைத்தேன். ஆடியில் சுவருக்கு அடியில் பள்ளம் பறிக்கிறது, அதே சமயம் உள்ளே நாலைந்து வரிசை தள்ளி முருங்கைக்கன்றுமேல் மணல் ஏறுகிறது. சுவரை உயர்த்தலாமா?

ஓய்வு_நிலவியல்

உயர்த்தினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அடைத்த சுவரில் மோதிய காற்று கீழே சுழன்று அடிமணலைத் தோண்டும். மேலே தாவிய காற்று உள்ளே தள்ளிப் போய், வேகம் குறைந்த இடத்தில் சுமையை இறக்கும். உங்களுக்கு வேண்டியது காற்று புகுந்து போகிற வேலி, கிட்டத்தட்ட பாதி அடைப்பு, பாதி இடைவெளி. அதற்குள் நுழைகிற காற்று சுழலாமல் தளர்ந்துபோய் மணலை வேலியை ஒட்டியே போட்டுவிடும்.

மேல்காற்று

அண்ணாச்சி, எங்கள் அப்பா காலத்தில் பனை ஓலையையும் கருக்கு மட்டையையும் இடைவெளி விட்டு நட்டுத்தான் வேலி. புதைந்துபோனால் அதன் தலையிலேயே அடுத்த வரிசை ஊன்றுவார்கள்.

காவிரிக்கரையாள்

சீனாவில் பாவோதோ-லான்சோ ரயில் பாதை பாலைவனத்தைக் கடக்கிற ஷாபோதோ என்ற இடத்தில், வைக்கோலை ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக மணலில் ஊன்றித்தான் தண்டவாளத்தைக் காப்பாற்றுகிறார்கள். 1950-களில் தொடங்கிய வேலை. வைக்கோல் வெளியே நிற்கும் உயரம் ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் மணல் துள்ளுவதே அந்த உயரத்தில்தானே.

கொல்லாந்தோப்பு

அப்படியானால் சுவரை இடிக்க வேண்டுமா? காசு போட்டுக் கட்டியாயிற்று.

ஓய்வு_நிலவியல்

இடிக்க வேண்டாம். சுவருக்கு மேற்கே, அதன் உயரத்தைப் போல நாலைந்து மடங்கு தள்ளி, முதலில் ஒரு ஓலை வேலி போடுங்கள். காற்று அங்கேயே பாதி மணலை இறக்கிவிட்டுத்தான் சுவருக்கு வரும். மேற்கே இருப்பது உங்கள் நிலமா, வனத்துறை நிலமா?

கொல்லாந்தோப்பு

வனத்துறை நிலம்.

மேல்காற்று

அப்போ முதலில் ரேஞ்சரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அண்ணாச்சி. ஒத்துக்கொள்ளாவிட்டால் சுவருக்கு உள்பக்கமே ஓலையைக் கட்டங்கட்டமாக ஊன்றுங்கள், கன்றுமேல் ஏறுவதாவது குறையும். ஓலை வேண்டுமென்றால் எங்கள் விளையில் கிடக்கிறது, வைகாசி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.